கூரை பறந்தது; உரிமையும் பறக்கவோ?

புயல் ஓர் இரவில் வந்து போய்விடுகிறது. அதன் பின்னே வருகிற தாள்கள் மட்டும் மாதக்கணக்காகப் போவதில்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ‘ஃபெஞ்சல்’ என்று பெயர் சூட்டப்பட்ட புயல் புதுவைக்கு அருகே கரையேறிற்று. ஏறியதும் உள்நாட்டை நோக்கி ஓடிவிடும் என்று எதிர்பார்த்தனர், அது ஓடவில்லை. வந்த இடத்திலேயே நின்றது, நின்று கொட்டிற்று. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணை கரை மீறிற்று. அமைச்சர்கள் வந்தனர், அதிகாரிகள் வந்தனர், எதிர்க்கட்சியினர் வந்தனர், படம் எடுப்போரும் உடன் வந்தனர். முழங்கால் நீரில் நின்று ஆறுதல் கூறினர். மூன்று நாட்கள் ஏடுகளின் முதற்பக்கமெல்லாம் வெள்ளம். நான்காம் நாள் வேறு செய்தி!

அந்த நான்காம் நாளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன், வாசகரே! தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் குடும்பத்தார் திரும்பி வந்து, சேறு படிந்த தரையில் நின்று, அண்ணாந்து பார்க்கும் நாள் அது. கூரை இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. அழுது தீர்த்தாயிற்று. இனி என்ன செய்வது, யாரிடம் போவது, எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி எழும் நாள்.

வீடு ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மரக்காணத்து உப்பளங்களுக்கு அப்பால் ஒரு சிற்றூர். முன்கட்டு தளம் போட்டது. வங்கியில் கடன் வாங்கிப் போட்டது. பின்கட்டு மாமனார் காலத்துச் சீமை ஓடு. வீட்டுக்கு உரியவர், சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாய். கொல்லையில் இருந்த வேப்பமரம் அன்றிரவு வேரோடு சாய்ந்து பின்கட்டின் மேல் விழுந்தது. கைமரங்கள் முறிந்தன, ஓடுகள் நொறுங்கின, பக்கச் சுவர் பிளந்தது, அரிசியும் துணியும் தொலைக்காட்சிப் பெட்டியும் நீரில் ஊறின. உயிர் தப்பிற்று. அதுவே பெரிது என்று ஊரார் கூறினர். அவரும் ஆமாம் என்றார்.

கிராம நிர்வாக அலுவலர் வந்தார்; பார்த்தார்; எழுதிக்கொண்டு போனார். பேரிடர் நிவாரணத்துக்கென 2022-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அளவின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். ஒரு பகுதி சேதமுற்ற உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய். ஆம், ஆறாயிரத்து ஐந்நூறு! இன்றைய விலையில் அதற்கு எத்தனை கைமரம் வாங்கலாம், கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்பதை நான் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் ஒரு சுவர் எழுப்பிப் பார்த்தவர் எவரும் அறிவர்.

அந்தத் தாயும் அதைத்தான் பெரிதாக எண்ணிக் காத்திருந்தார். அவருக்கு இன்னொரு பணம் வரவேண்டியிருந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

என்ன பணம் அது?

வங்கியில் கடன் வாங்கிய அன்று, மேசைமீது ஒரு கட்டுத் தாளை வைத்து, “இங்கே, இங்கே, பிறகு இந்தப் பக்கம்” என்று விரலால் சுட்டிக் கையெழுத்து வாங்கினார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கட்டில் ஒரு தாள், வீட்டுக்குக் காப்பீடு கோரும் தாள். பிரிமியம் அவர் கணக்கிலிருந்தே பிடிக்கப்பட்டது. சில இடங்களில் கடன் தொகையோடு சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி வாங்கப்படுவதுண்டு. பாலிசியோ வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. பணம் கட்டியவருக்குப் பாலிசி இருப்பதே தெரியாது; பாலிசியை வைத்திருப்பவருக்கோ கூரை பறந்தது தெரியாது! தெரிந்தாலும், மாதத் தவணை தவறாமல் வந்துகொண்டிருக்கும் வரையில், வங்கிக்கு அதைப் பற்றி என்ன கவலை?

இது ஒரு வீட்டின் கதையன்று. வீட்டின்பேரில் கடன் வாங்கி நடுத்தர வாழ்வைக் கட்டிக்கொண்ட எத்தனையோ குடும்பங்கள், தம் வீட்டுக்குக் காப்பீடு இருப்பதை அறியாமலே ஒவ்வொரு புயலையும் கடந்து வருகின்றன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை நனைந்தபோதும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘கஜா’ நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோதும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘மிக்ஜாம்’ மழை கொட்டியபோதும் வங்கிக்குப் போய், “ஐயா, என் கடனோடு சேர்ந்த காப்பீட்டுத் தாளின் நகலைக் கொடுங்கள்” என்று கேட்டவர் எத்தனை பேர்? கேளாதவர் குற்றமா அது? சொல்லாதவர் குற்றமன்றோ!

ஆகவே முதல் வேலை, வங்கிக்குச் செல்வது. கடன் கணக்கின் எண்ணைச் சொல்லி, பாலிசியின் நகலை எழுத்து மூலம் கேட்பது. அதில் கட்டடம் மட்டுமா, வீட்டுப் பொருள்களும் உண்டா என்று பார்ப்பது. கடன் நிலுவை இருக்குமாயின் கிடைக்கும் தொகையில் வங்கியின் பங்கு முதலில் கழியும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கும். அதையும் தெரிந்துகொள்வது நல்லது. பின்னர் ஏமாற்றம் இராது.

இரண்டாவது வேலை, உடனே தெரிவிப்பது. ‘கிளெய்ம்’ என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்லும் சொல்லை நம் படிவங்களில் ‘கோரிக்கை’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோரிக்கையாம்! கோரிக்கை என்றால் கருணை காட்டுவோரிடம் வைப்பது. காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். இதுவோ விலை கொடுத்து வாங்கிய பொருள். ஆண்டுதோறும் பணத்தை வாங்கிக்கொண்டவன், “உன் வீட்டுக்குப் புயலால் கேடு வந்தால் ஈடு செய்வேன்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். புயல் வந்துவிட்டது, கேடும் வந்துவிட்டது. இனி அவன் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்வது கோரிக்கையன்று, உரிமை. மளிகைக் கடையில் பணம் கொடுத்துவிட்டுப் பருப்புக்காகக் கைகட்டி நிற்போமா?

ஆயினும் அலுவலகக் கதவைத் தாண்டியதும் நம் மக்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. நிவாரணம் வாங்கிப் பழகிய நா, உரிமையைக் கேட்கும்போதும் அதே தொனியில் கேட்கிறது. இரண்டும் வேறு, வாசகரே! நிவாரணம் அரசின் கடமை, காப்பீடு ஒப்பந்தம். ஒன்றுக்கு மனு, மற்றொன்றுக்கு அறிவிப்பு.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பெயரில் வீட்டுக்கான பொதுப் பாலிசி ஒன்றை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. நல்ல ஏற்பாடு, மறைக்க வேண்டியதில்லை. புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். புயலை ஒட்டி ஏழு நாட்களுக்குள் வீட்டில் திருட்டு நேர்ந்தால் அதுவும் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு, அந்தத் தொகையில் நூற்றுக்கு இருபது வீதம், 10 லட்சம் ரூபாய் வரையில், தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. இடிபாடுகளை அகற்றும் செலவில் ஒரு பங்கும் கிடைக்கும். வீடு குடியிருக்க இயலாததாகிவிட்டால் வேறிடத்தில் வாழ வாடகையும் உண்டு.

இவற்றினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. பழைய பாலிசிகளில் ‘குறைக் காப்பீடு’ என்று ஒரு கண்ணி வைத்திருந்தார்கள். 20 லட்சம் ரூபாய் பெறுமான கட்டடத்தை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் ரூபாய் சேதத்துக்கு 2 லட்சமே கொடுப்பார்கள். “பாதிக்குத்தானே காப்பீடு செய்தீர்? பாதிதான் கிடைக்கும்!” 10 லட்சம் என்று எழுதியிருக்கிறதே, சேதம் நான்குதானே என்று எளியவர் மயங்குவார். அவருக்கு அந்தக் கணக்கு விளங்குவதற்குள் காசோலை வந்துவிடும். புதிய பாலிசியில் வீட்டுக்கு அந்தக் கழிவு இல்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது பழையதா புதியதா என்று நீங்களே பார்த்தாக வேண்டும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

மனையின் விலைக்குக் காப்பீடு கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புயல் மண்ணைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கட்டடத்தின் பரப்பையும் அதைக் கட்டும் செலவையும் பெருக்கி வருவதே காப்புத் தொகை. “என் வீடு அரைக் கோடி பெறும்” என்று மனையோடு சேர்த்துச் சொல்வோரின் கணக்கு அங்கே எடுபடாது.

சரி, தெரிவித்தாயிற்று. வீட்டை என்ன செய்வது? ஒழுகும் வீட்டில் எத்தனை நாள் குந்தியிருப்பது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஒருவர், சேதத்தைக் காட்ட வேண்டுமே என்று எதையும் தொடாமல் விட்டுவிடுகிறார், அடுத்த மழையில் மீதிச் சுவரும் விழுகிறது, “மேலும் கேடு வராமல் நீர் காத்திருக்க வேண்டாமா?” என்று கேட்கிறது நிறுவனம். இன்னொருவர், உறவினர் வீட்டுத் திருமணம் நெருங்குகிறது என்று அவசரமாக எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு ஓடு மாற்றிவிடுகிறார், “சேதம் எங்கே? நாங்கள் பார்க்கவில்லையே!” என்கிறது அதே நிறுவனம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. முதலில் படம். உள்ளும் புறமும், தூரத்திலும் அருகிலும், விழுந்த மரத்தோடும் வீட்டு எண்ணோடும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எவர் கையிலும் அதற்கான கருவி இருக்கிறது. பின்னர்த் தார்ப்பாய் கட்டி மழையைத் தடுங்கள். தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் கூலிக்கும் சீட்டு வாங்கி வையுங்கள். உடைந்த ஓட்டையும் முறிந்த கைமரத்தையும் ஊறிய பெட்டியையும் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். பார்க்க வேண்டியவர் பார்த்த பிறகு தூக்கி எறியலாம். சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நிரப்பிய படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத நகலை, பின்னால் ஒரு நாள், யாரும் நகல் என்று ஒப்புவதில்லை.

பார்க்க வேண்டியவர் என்றேனே, அவர்தான் சர்வேயர். நம் சிற்றூர்களில் சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர். ஆகையால், “சர்வேயர் வந்திருக்கிறார்” என்றதும் பக்கத்து வீட்டார் வேலித் தகராறு என்று எண்ணிக் கூடிவிடுவதும் உண்டு! இவர் அளப்பது நிலத்தை அன்று, நம் இழப்பை. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவர். எந்தப் பக்கமும் சாயாமல் அளக்க வேண்டும் என்பது சட்டம். அவரை அமர்த்துவது யார்? நிறுவனம். அவருக்குக் கூலி கொடுப்பது யார்? நிறுவனம். அவருக்கு அடுத்த வேலை கொடுக்கப் போவது யார்? அதே நிறுவனம். நேர்மையாளர் பலர் அத்தொழிலில் இருக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதாக எண்ண வேண்டா. ஆனால் தராசைப் பிடித்திருப்பவனுக்கு ஒரு தட்டிலிருந்து மட்டுமே சோறு வருமாயின், அந்தத் தராசின் முள்ளை நாம் சற்று உற்றுப் பார்ப்பது பாவமாகாது.

அந்தத் தாயின் வீட்டுக்கும் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“அம்மா, இந்தச் சுவரில் முன்பே விரிசல் இருந்ததா?”

“மயிரிழை மாதிரி ஒன்று இருந்ததுங்க, ஐயா. மழைக்கு ஒழுகாது.”

“அப்படியானால் பழைய விரிசல்தானே?”

“மரம் விழுந்த பிறகுதானே ஐயா கை நுழைகிற அளவுக்குப் பிளந்தது?”

“பழைய விரிசல் இருந்தது என்று நீங்களே சொன்னீர்கள்.”

எழுதியாயிற்று! உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு. தேய்மானமும் பழுதும் காப்பீட்டில் சேராது என்பது விதி. அந்த விதி தவறன்று. பழைய பழுதைப் புயலின் கணக்கில் ஏற்ற முடியாது. ஆனால் புயல் பிளந்த சுவரைப் பழைய பழுதின் கணக்கில் தள்ளுவது மட்டும் எப்படி முறையாகும்? ஆகவே, அவர் வரும் நாளில் தனியே நிற்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவனையும், வீட்டைக் கட்டிய கொத்தனாரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் கையால் செலவு மதிப்பீடு ஒன்று எழுதி வாங்கி, அவரிடம் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் கேளுங்கள். அவர் பார்த்த இடங்களைத் தேதியிட்டு நீங்களும் எழுதி வையுங்கள். அறிக்கை தயாரானதும் அதன் நகலை எழுதிக் கேளுங்கள்.

அந்த அறிக்கை வேதமா? இல்லை. சர்வேயரின் அறிக்கை மாற்ற முடியாத இறுதிச் சொல் அன்று என்று 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. போதிய காரணம் இருந்தால் அதை ஏற்காமல் விடலாம். ஆயினும், “சர்வேயர் எழுதிவிட்டார், நாங்கள் என்ன செய்ய?” என்று கைவிரிக்கும் வழக்கம் அலுவலகங்களில் இன்னும் மாறவில்லை.

காலக்கெடுவும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆணையம் பிறப்பித்த சுற்றறிக்கை, இழப்பைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை அமர்த்த வேண்டும், 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. கேட்க எவ்வளவு இனிமை! ஏட்டுச் சுரைக்காய் இதைவிடப் பசுமையாக இருந்ததில்லை. பெரும்புயல் வந்தால் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்க்க வேண்டும், சர்வேயர்கள் சிலரே, சாலையோ துண்டிக்கப்பட்டிருக்கும். இந்தக் கடினத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் புயல் புதிதா? தானே 2011-இல், வர்தா 2016-இல், ஒக்கி 2017-இல், நிவர் 2020-இல் என்று வரிசையாக வந்து கதவைத் தட்டிய விருந்தாளியை, ஒவ்வொரு முறையும், “எதிர்பாராமல் வந்துவிட்டாய்” என்று வரவேற்பவர்களை என்னவென்று சொல்வது? பிரிமியத்தைக் கணக்கிடும்போது மட்டும் புயல் வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே!

கெடு தவறிப் பணம் தாமதமானால், வங்கி விகிதத்தின் மேல் 2 விழுக்காடு சேர்த்து வட்டி தர வேண்டும் என்பதும் விதி. வட்டியைக் கேட்டு வாங்கியவரைப் பார்த்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

இனி, பணம் வரும் கட்டம். அந்தத் தாயின் மதிப்பீடு 2,40,000 ரூபாய். நிறுவனம் சொல்வது 80,000. கூடவே ஒரு சீட்டு: “முழுத் தீர்வாக இதைப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.” ஒப்பமிட்டால் இன்றே பணம், மறுத்தால் எப்போதோ! வீட்டின்மேல் தார்ப்பாய் படபடக்க, கடன்காரன் வாசலில் நிற்க, யார்தான் மறுப்பார்? பேனாவை எடுக்கிறார். இனி எல்லாம் முடிந்தது என்றே எண்ணுகிறார்.

முடியவில்லை, வாசகரே! இது பலருக்குத் தெரியாத செய்தி. ஆகையால் அழுத்திச் சொல்கிறேன். அப்படிப்பட்ட சீட்டில் ஒப்பமிட்டதாலேயே கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமை போய்விடாது என்று 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய ஒப்பம் கட்டுப்படுத்தாது என்ற கருத்தை 1999-இலேயே உச்ச நீதிமன்றம் தெரிவித்திருக்கிறது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றே, “இத்தொகை போதாது, மீதிக்கு என் உரிமையை விடவில்லை” என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தாமதமாகத் தெரிவித்தீர் என்பதையே காரணம் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கக் கூடாது என்றும் 2011-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் எழுதுங்கள். வெள்ளத்தில் மிதந்தவர் மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வர இயலாது என்பதைவிடத் தக்க காரணம் வேறென்ன வேண்டும்?

மறுப்பு வந்தால்? வாய்ச்சொல்லாக வந்த மறுப்பை ஏற்காதீர்கள். எந்த விதியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். தேய்மானம் கழித்தால், எத்தனை ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு, பாலிசியில் அதற்கான வாசகம் எங்கே என்று கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் நிறைவளிக்கவில்லையென்றாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க அங்கே இடமே இல்லை. நம் வழக்கை நாமே சொல்லலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு; 2023 வரை அது 30 லட்சமாக இருந்தது. மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.

இத்தனை வழியும் இருக்கின்றன. இருந்தும் என்ன? வழிகாட்டும் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். பாலிசி ஆங்கிலத்தில், நிபந்தனை ஆங்கிலத்தில், மறுப்புக் கடிதம் ஆங்கிலத்தில். காப்புக்கான படிவங்களும் ஆவணங்களும் அரசியல் சட்டம் ஏற்ற மொழிகளில் “கிடைக்கச் செய்யலாம்” என்று 2002-ஆம் ஆண்டு விதியில் எழுதினார்கள். 2017-இலும் அப்படியே எழுதினார்கள். ‘லாம்’! பிரிமியம் கட்ட ‘வேண்டும்’. முப்பது நாளில் படிவம் தர ‘வேண்டும்’. சேதத்தை மெய்ப்பிக்க ‘வேண்டும்’. நம் மொழியில் நமக்குப் புரியச் சொல்வது மட்டும் ‘லாம்’. ஒரு விகுதியில் அடங்கிவிட்டது பார்த்தீர்களா, யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்ற செய்தி!

காப்பீட்டுத் தொழில் மக்களுக்காக என்று கூறி, 107 நிறுவனங்களை ஒன்றிணைத்து 1973-ஆம் ஆண்டு சனவரி முதல் நான்கு அரசு நிறுவனங்களாக ஆக்கினார்கள். அவற்றுள் ஒன்றுக்குச் சென்னையே தலைமையிடம். பிறகு 1999-இல் சட்டம் இயற்றித் தனியாருக்கும் கதவைத் திறந்தார்கள். போட்டி வந்தால் சேவை பெருகும் என்றார்கள். அரசு நிறுவனத்து மேசைக்கும் தனியார் நிறுவனத்து மேசைக்கும் முன்னால் மாறி மாறி நின்றவர்களைக் கேட்டேன். நாற்காலி மெத்தென்றிருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, கேள்விகள் பழையவையே என்றார்கள்.

இவ்வளவும் பாலிசி உள்ளவருக்கு. குடிசைக்காரர்? கீற்றும் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட வீட்டைக் காப்பீட்டு ஏடுகள் ‘கச்சா’ என்று தனியே பிரித்து வைக்கின்றன. புயல் முதலில் தேடிப் போவதும் அதைத்தான். சேதமுற்ற குடிசைக்கு நிவாரண அளவு 8,000 ரூபாய். அவரிடம் போய், “சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள்” என்று நான் சொன்னால், அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும், அவர் பார்ப்பது நியாயம். பயிருக்கு அரசு பிரிமியத்தில் பெரும்பங்கை ஏற்றுக் காப்பீடு நடத்துகிறது. கடலோர மாவட்டத்துக் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் அதே முறையில் ஏன் நடத்தக் கூடாது? நெல் நனைந்தால் ஈடு உண்டு, அந்த நெல்லை விளைவித்தவன் தலைமேல் இருந்த கூரை பறந்தால் இல்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

ஆள்வோர் அதை எண்ணிப் பார்க்கட்டும். அதுவரையிலும் செலவே இல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டுக்கடன் கொடுத்த ஒவ்வொரு வங்கியும், பாலிசியின் நகலையும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தையும் கடன்காரர் கையில் ஆண்டுதோறும் கொடுக்கட்டும். புயல் அறிவிக்கப்பட்ட வட்டங்களில், நிவாரணக் கணக்கெடுப்பு நடக்கும் தாலுகா அலுவலகத்திலேயே காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். சர்வேயர் அறிக்கையைக் கேட்காமலே வீட்டுக்காரருக்கும் அனுப்பட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். வங்கிக்குப் போய் நகல் கேட்க ஒரு முற்பகல் போதும். வெயில் காயும்போதே வீட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அந்த மயிரிழை விரிசலையும் சேர்த்து. அது எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதற்கு, சர்வேயர் வரும் நாளில், அதுவே சாட்சி.